நூற்றுப் பன்னிரண்டு படிகளுக்கு ஒரு கைப்பிடி

கண்டி,
ஜூன் 29

அன்பு மகள் றிப்தாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், தேர்தலில் தோற்ற நானும் சுகம். நீயும் மருமகன் ரிஸ்மியும் என் பேத்தி ஸனாவும் அந்த ஒக்லாந்துக் குளிரில் ஒரு தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். ஸனாவுக்குக் காதை மூடித் தொப்பி போடு, வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் பிள்ளையின் தலை திறந்தே இருக்கிறது. இங்கே இரண்டு கிழமையாக மழை விடவில்லை. உன் தம்பி ஹில்மி பல்லேகலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறான், மழைக்கோட்டை வீட்டில் வைத்துவிட்டு நனைந்துகொண்டு வருகிறான், நீ சொன்னால் கேட்பான், சொல். உம்மாவின் முழங்காலைப் பேராதனை ஆஸ்பத்திரியில் காட்டினோம், இனிப் படி ஏற வேண்டாம் என்று டொக்டர் சொன்னார், அதைக் கேட்டு உம்மா அவருடைய முகத்துக்கு நேரே சிரித்துவிட்டார். ஏன் சிரித்தார் என்பது போகப் போக உனக்கு விளங்கும். போன் இருக்கும்போது என்னத்துக்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் பக்கத்தில் நிற்கும் உம்மா அதை முடித்து வைக்கிறார். இது நான் மட்டும் சொல்ல வேண்டிய கதை, அதனால் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நாலாவது தடவையும் தோற்றது உனக்குத் தெரியும். முதல் தடவை நின்றபோது உனக்கு எட்டு வயது, ஹில்மி வயிற்றில். உம்மா அப்போது இந்த மலைச்சரிவுக்கெல்லாம் பிரசவம் பார்க்கும் மிட்வைப் மிஸ். நம் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையின் நூற்றுப் பன்னிரண்டு படிகளையும் ஒரு நாள் மழைக்குள் வயிறும் கையில் பையுமாக, சுவரைத் தடவித் தடவி அவர் ஏறியதைக் கீழே நின்று பார்த்தேன். பிடிப்பதற்கு ஒரு கம்பி கிடையாது. மாநகர சபைக்குப் போய் இந்தப் படிக்குக் கைப்பிடி போட்டே தீருவேன் என்று அன்றைக்கு நினைத்தவன்தான் நான். அதற்குப் பிறகு கட்சி மாறியது, சின்னம் மாறியது, என் தலைமயிரும் நிறம் மாறியது, எல்லா நோட்டீசிலும் முதல் வாக்குறுதியாகக் கைப்பிடி மட்டும் அப்படியே இருந்தது. நடுவில் ஒரு தேர்தலை உன் கலியாணத்துக்காக விட்டேன், வென்றிருந்தால் அதில்தான் வென்றிருப்பேன் என்று இப்போதும் நம்புகிறேன். நம்மட ஹாட்வெயார் கடையில பைப் நெறய இரிக்கே, நாலு பேரப் பிடிச்சிப் போட்டா என்ன என்று உம்மா ஒருமுறை கேட்டார். சபைக்குச் சொந்தமான படியில் தனியாள் கை வைக்க முடியாது, சட்டம் இருக்கிறது என்று பெரிதாக விளக்கினேன். உண்மையைச் சொன்னால், கைப்பிடி வந்துவிட்டால் அடுத்த தேர்தலுக்கு எதைச் சொல்வது என்ற எண்ணமும் ஒரு மூலையில் இருந்தது மகள். சத்தியப்பிரமாணத்துக்கென்று முதல் தேர்தலிலேயே தைத்த சாம்பல் நிறக் கோட்டு உனக்கு ஞாபகம் இருக்கும், வயிறு வளர வளர மூன்று தடவை அகட்டியும் ஒரு நாள்கூட அதைப் போடக் கிடைக்கவில்லை. நீ ஒலுவில் கம்பஸ் விடுதியில் இருந்த காலத்தில் உனக்கு எழுதிய கடிதங்களின் கீழே "வருங்கால மாநகர சபை உறுப்பினர்" என்று கையொப்பம் வைப்பேன், தோழிகள் சிரிக்கிறார்கள் என்று நீ கோபித்துக்கொண்டாய்.

இந்தத் தடவை எந்தக் கட்சியும் வேண்டாம் என்று நானும் என் கூட்டாளி அரூசும் சுயேச்சைக் குழு ஒன்று அமைத்தோம், தேத்தண்ணிக் கேத்தல் சின்னம் கிடைத்தது, குழுத் தலைவர் நான். வேட்புமனு கொடுக்க ஒரு நாள் இருக்கும்போது பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் குறைந்தது. இத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம், ஒன்று குறைந்தாலும் மனு தள்ளுபடி. நான் ஓடிவந்து உம்மாவின் முன்னால் தாளை நீட்டினேன். கையில் ரொட்டி மா, கண்ணில் கண்ணாடி இல்லை. சும்மா ஒரு கையொப்பம், இந்தப் பெயரை ஒருத்தரும் வாசிக்கப் போவதில்லை என்று நானே சொன்னேன். அவர் மாவைத் துடைத்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். என் வாயால் நான் சொன்ன அந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்.

பிறகு வீடு வீடாகப் போனேன். தமிழ் வீடு, சிங்கள வீடு, நம் ஆட்களின் வீடு, எங்கே போனாலும் என் கையிலிருக்கும் நோட்டீசை வாங்காமல் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து மிஸ் வரல்லயா என்று கேட்டார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. இரண்டு கிழமை பார்த்துவிட்டு உம்மாவைக் கூப்பிட்டேன், அவர் மேல் வீட்டு கமலாசனி டீச்சரைத் துணைக்குக் கூப்பிட்டார். டீச்சர் யாழ்ப்பாணத்து ஆள், பென்ஷன் எடுத்தும் நடை குறையாதவர். ஓம் மிஸ், நான் வாறன், ஆனா வோட்டுக் கேக்க எனக்குத் தெரியாது என்றாராம். உம்மாவுக்கும் தெரியாது. இருவரும் தங்கள் பாட்டில் பக்கத்து இரண்டு வட்டாரங்களுக்குப் போனார்கள், போன வருஷம் பென்ஷன் எடுக்கும்வரை உம்மா இருபத்தைந்து வருஷம் வேலை செய்த இடங்கள். அங்கே போய் உம்மா செய்தது என்ன தெரியுமா? பிள்ளையின் கிளினிக் கார்டைக் கொண்டு வா என்று கேட்டு, நிறை குறைந்திருந்தால் தாயைப் பிடித்து ஏசுவது. உள்ள வாக்கையும் இவர் ஏசியே விரட்டப் போகிறார் என்று நான் அரூசிடம் புலம்பினேன்.

முடிவு வந்தது. என் வட்டாரத்தில் அறுநூற்றொரு வாக்கால் தோற்றேன். ஆனால் எல்லா வட்டாரத்திலும் கேத்தலுக்கு விழுந்ததைச் சேர்த்துப் பார்த்ததில் பட்டியல் வழியாக எங்கள் குழுவுக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. அதில் யார் உட்காருவது என்று குழுத் தலைவர் கச்சேரியிலுள்ள தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், தோற்றவரின் பெயரையும் கொடுக்கலாம், தடையில்லை. பளீல் நானா, இதுல யோசிக்க என்ன இரிக்கி, ஒங்கட பேர எழுதி ஒப்பம் வைங்க என்றார் அரூஸ். உம்மா அந்தக் கோட்டைக் கொண்டுபோய் உலர் சலவைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நான் என் பெயரை எழுதினேன் மகள், ஒளிக்காமல் சொல்கிறேன், என் அழகான கையெழுத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கடை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு, வட்டாரக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். நான் நாலு தேர்தலாகக் கத்திய என் வட்டாரத்தில் விழுந்ததைவிட, நான் கால் வைக்காத அந்த இரண்டு வட்டாரத்திலும் இரண்டு மடங்கு விழுந்திருந்தது. என்ன அதிசயம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் டெப் வாங்க ஒரு பிள்ளை வந்தாள், இடுப்பில் குழந்தை. அந்தப் பக்கத்து ஆள்தான், ஆனால் என்னைத் தெரியாது. யாருக்குப் போட்டாய் என்று சும்மா கேட்டேன். கேத்தலுக்குத்தான் அங்கிள், நானும் மிஸ்ட கையில பொறந்தவ, இவனும் மிஸ் பாத்த புள்ள, வோட்டுப் போடுற எடத்து வாசல்ல ஒட்டியிருந்த பட்டியல்ல மிஸ்ட பேர வாசிச்சிட்டுத்தான் உள்ள போனேன் என்றாள். தலைவர் ஒருவர் இருந்தாரே என்று மெதுவாக இழுத்தேன். ஓ, யாரோ ஒரு ஆள் இருந்தார்தான் என்று சொல்லி டெப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாள் நான் நல்ல மனிதனாக இருக்கவில்லை. சோற்றில் உப்புக் குறை என்றேன், ஹில்மி மேல் பாய்ந்தேன், உம்மாவைப் பார்க்கும்போது பொறாமையாகவே இருந்தது, சொந்த மனைவி மேல் பொறாமைப்படுவது எவ்வளவு வெட்கம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். இருபத்தெட்டு வருஷம் ஆசைப்பட்ட ஆசனம் மேசைக் கண்ணாடிக்குக் கீழே என் பெயரோடு கிடக்கிறது, ஆனால் அது என்னுடையதில்லை என்று எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். பெயர் கொடுக்க வேண்டிய கடைசி நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து அந்தத் தாளைக் கிழித்தேன், புதுத் தாளில் உம்மாவின் பெயரை எழுதினேன். குசினிக்குள் போய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, இந்தத் தடவை ஒரு வரி விடாமல் வாசித்தார். அப்ப கோட்டு என்று கேட்டார். அதுதான் முதலில் கேட்டது. முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயம், சரி என்று சொல்லிவிடுவாரோ என்றும் ஒரு மூலையில் பயம். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சரி, போறேன், ஆனா நீங்க பேச்சு எழுதித் தரப்படாது, அந்தப் படிக்குக் கம்பி வந்தா நம்மட கடைப் பைப் ஒண்ணும் எடுக்கப்படாது, சனம் கதைக்கும் என்றார். பார் மகள், இந்த நகரத்தில் அந்தக் கைப்பிடிக்கு ஒரு முழம் பைப்கூட விற்க முடியாத ஒரே ஹாட்வெயார்காரன் இன்றைக்கு உன் வாப்பாதான். அரூஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் மிஸ்ஸுக்கு என்று கேக் பெட்டியோடு வந்தார்.

போன வியாழக்கிழமை முதல் கூட்டம். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பார்வையாளர் கதிரையில் நானும் கமலாசனி டீச்சரும் உட்கார்ந்திருந்தோம், பொத்தான் பூட்ட முடியவில்லை, திறந்துவிட்டேன். உம்மா எழுந்து நின்றார், தாள் ஒன்றும் கையில் இல்லை. படி எங்கே இருக்கிறது, எத்தனை படி, போன வருஷம் எத்தனை பேர் விழுந்தார்கள், அதில் பிள்ளைத்தாய்ச்சிகள் எத்தனை என்று கிளினிக்கில் சொல்வதைப் போலச் சொன்னார். கடைசியாக, "கையில் பையும் வயிற்றில் பிள்ளையுமாக ஏறுகிறவளுக்குப் பிடிக்க ஒன்று வேண்டும்" என்றார். நான் கதிரையில் நிமிர்ந்துவிட்டேன். அது என் வசனம் மகள். முதல் தேர்தல் நோட்டீசில் நான் எழுதியது, அதற்குப் பிறகு வந்த நோட்டீசுகளில் அழகான வார்த்தைகள் போட்டு நானே அதை மறந்துவிட்டேன். வெளியே வந்ததும் எங்கிருந்து எடுத்தீர் என்று கேட்டேன். பழைய கிளினிக் பையைத் திறந்து, மடித்து மடித்து நாலாகக் கிழியப்போகும் அந்த நோட்டீசைக் காட்டினார். நீங்க எனக்காக எழுதினது எண்டு அண்டைக்கே தெரியும் என்றார், அவ்வளவுதான். படம் எடுக்கும் இடத்தில் எல்லோரும் நிற்கும்போது நான் கண்ணில் தூசி விழுந்தவனைப் போல அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

கைப்பிடிக்குச் சபை சம்மதித்துவிட்டது, யார் குறைந்த விலைக்குப் போடுவார்கள் என்று கேள்விப்பத்திரம் கோரப் போகிறார்கள், வேறு கடைக்காரன் கொண்டுவரும் பைப்பின் கனத்தை நான் கட்டாயம் போய்ப் பார்ப்பேன், அதை யாரும் தடுக்க முடியாது. நீ டிசம்பரில் வரும்போது ஸனா அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறட்டும். அவளுடைய கிளினிக் கார்டை மறக்காமல் கொண்டு வா, உம்மா இப்போதே கேட்கிறார். ரிஸ்மியிடம் என் சலாத்தைச் சொல். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நோயற்ற உடலையும் பரக்கத்தையும், விழாமல் ஏற ஒரு பிடியையும் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
மாநகர சபை உறுப்பினர் ரபீகாவின் கணவர்,
உன் வாப்பா
பளீல்