பிக்கப் தொட்டிக்குக் கறுப்புப் பூச்சு

அன்புள்ள மருமகனுக்கு,

உன் ஒரே தாய்மாமன் எழுதிக்கொள்வது. இன்னும் பத்து மாமன் உனக்கு இருந்திருந்தாலும் என்னைப் போல ஒருத்தன் தேறியிருக்க மாட்டான், அது வேறு விஷயம். இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எல்லாம் நான் கொடுத்த தைலம்தான். நடுவில் டாக்டர் மாத்திரையும் போட்டாள், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுசாகப் படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிக்கப் வண்டியை விற்கவில்லை. வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பியது நான். உன் தங்கச்சி இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ சொன்னபடிதான் முதலில் கிளம்பினேன். பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டிக்குள் அப்படியே இறக்கி வைக்கிற பிளாஸ்டிக் லைனர் வாங்கிப் போடுங்கள் மாமா, உள்ளே இருக்கிற நசுங்கல், கீறல் எல்லாம் மறைந்துவிடும், பார்க்க வருகிறவன் புதுசு என்று நினைப்பான், அந்தப் பணம் வந்தால்தான் இங்கே சொந்த வீட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்றாய். நானும் சரி என்றேன். உன் தங்கச்சிதான் ஓட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. லைசென்ஸ் என்கிற அந்தச் சின்ன அட்டைதான் இல்லை.

கடையில் என்னைப் பார்த்ததும் முதலாளி எழுந்து நின்றுவிட்டார். (விசிறி ஸ்விட்சைப் போட எழுந்தார் என்கிறாள் உன் தங்கச்சி. இருக்கட்டும்.) இரண்டு வகைக்கு மாதிரித் துண்டு காட்டினார். ஒன்று நீ சொன்ன பிளாஸ்டிக். இன்னொன்று ஸ்ப்ரே. தொட்டியை வெறும் தகடு வரைக்கும் சுரண்டி, கறுப்பாக, சொரசொரவென்று அடிப்பது. அடித்தால் அடித்ததுதான், வண்டி உள்ளவரை கழற்ற முடியாது. உன் தங்கச்சி கையில் இருந்த டிபன் டப்பாவைப் பிளாஸ்டிக் மேல் வைத்து லேசாகச் சாய்த்தாள். டப்பா வழுக்கிக்கொண்டு நேராக என் மடிக்கு வந்துவிட்டது. மற்றதில் வைத்துச் சாய்த்தாள், அது அசையவே இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உனக்கு யாரும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். போன மாதம் அவள் பழுது பார்த்த ஒரு பிரிட்ஜை ஏற்றிக்கொண்டு மேட்டுச் சாலையில் இறங்கினோம். ஆறரை அடி பிரிட்ஜ். சரி, ஐந்தடி. குறுக்கே ஒரு நாய் ஓடியது, பிரேக் அடித்தாள். தொட்டியில் பெயிண்ட் எல்லாம் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. கயிறு அறுந்து பிரிட்ஜ் முன்னால் பாய்ந்தது. பின்கண்ணாடி உடைந்து, அதன் மூலை அவள் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி நின்றது. நான் ஒற்றைக் கையால் தடுத்தேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். மருமகனே, உன்னிடம் சொல்கிறேன், நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உன் அம்மா பெயரைச் சொல்லி அலறினேன். அவ்வளவுதான் செய்தேன். அண்ணனிடம் சொல்லாதீர்கள், பயந்து வண்டியை உடனே விற்கச் சொல்லிவிடுவார் என்றாள். கூந்தலில் கண்ணாடித் தூள் மின்ன மின்ன, அந்தப் பிரிட்ஜைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அதனால் ஸ்ப்ரேயே இருக்கட்டும் என்று நான் முடிவு செய்தேன். அடித்தாலும் விற்கலாம், விலை கூடத்தான் வரும், உன்னைச் சமாளிப்பது எனக்கு ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன்.

மறுநாள் பட்டறையில் தொட்டியைச் சுரண்டித் துடைத்து வெறும் தகடாக நிறுத்தியிருந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஈரம் பட்டால் தகடு துருப்பிடித்துச் சிவந்துவிடும், இன்றைக்கே அடித்தாக வேண்டும் என்று பெயிண்டர் பூச்சு மருந்தைக் கலந்துவிட்டார். கலந்தால் காத்திருக்காது, டப்பாவிலேயே இறுகிவிடுமாம். அந்த நேரம் பார்த்துத்தான் நீ அனுப்பிய ஆள் வந்து இறங்கினார். தண்ணீர் வியாபாரி. அவருக்குத் தொட்டியே வேண்டாமாம். கழற்றி எறிந்துவிட்டு டேங்க் வைக்கப் போகிறாராம். எதற்கு வீண் செலவு, அடிக்காதீர்கள், இப்படியே எடுத்துக்கொள்கிறேன், உங்கள் மருமகன் சொன்ன விலைக்கே என்று பையைத் திறந்தார். மாமா சொன்னால் நான் சொன்ன மாதிரி என்று நீயே அவரிடம் சொல்லியிருக்கிறாய். உனக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. வேலையில் இருந்திருப்பாய்.

பெயிண்டர் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்க்கிறார். அந்த ஆள் பார்க்கிறார். உன் தங்கச்சி மட்டும் பார்க்கவில்லை. அண்ணனுக்கு வீடு வேணும், கொடுத்துடுங்க மாமா என்று சொல்லிவிட்டு, வண்டிக்குள்ளிருந்து தன் சாமான்களை எடுக்க ஆரம்பித்தாள். கயிறு, ஸ்குரூ டப்பா, கையுறை. கடைசியில் சீட்டின் மேல் போட்டு உட்காருவாளே, உயரம் போதாமல், அந்தத் தலையணை. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாவியை பானெட் மேல் வைத்தாள்.

நான் சிங்கம் மாதிரி கர்ஜித்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அடிங்க என்று பெயிண்டரிடம் கையைத்தான் காட்ட முடிந்தது. வயசுக்கு ஏற்ற புத்தி இல்லை, பெரிய மனுஷன் என்று நம்பி வந்தேனே என்று அந்த ஆள் கத்திவிட்டுப் போனார். அவருக்குச் சுடச்சுட ஒரு பதில் வைத்திருந்தேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயில் வந்தது.

உன் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் அப்பா போனதும் ஆண்பிள்ளை என்று உன் பெயருக்கு வண்டியை மாற்றியது இதே மாமன்தான், வண்டி உன்னுடையதுதான். வாடகை வீட்டில் பிள்ளைகளோடு நீ படுகிற பாடும் தெரியும். அதற்கு வேறு வழி பார்ப்போம். எனக்குத் தெரியாத ஆளா, எத்தனை பேர் என் பேச்சுக்குக் காத்திருக்கிறார்கள். சரி, ஒருத்தர் இருக்கிறார். அவரைப் போய்ப் பார்க்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பூச்சு காய்ந்து வண்டி தயாராக நிற்கிறது. யானையை ஏற்றினாலும் தொட்டியில் வழுக்காது. ஆனால் அவள் வண்டியை எடுக்கவில்லை. பழுது பார்த்து முடித்த வாஷிங் மெஷின்கள் கூடத்தில் வரிசையாக நிற்கின்றன, உன் அம்மா அவற்றைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாள். கொடுத்தவர்கள் தினமும் கேட்டு வருகிறார்கள். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லாமல் சாவியைத் தொட மாட்டேன் என்கிறாள். நான் சொன்னால் போதாதா என்று கேட்டேன். போதாது மாமா என்கிறாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருத்தி என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னாள், எனக்குக் கோபமே வரவில்லை.

நீயும் என் மருமகளும் குழந்தைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். சொந்த வீட்டில் பால் காய்ச்சுகிற நாளும் சீக்கிரம் வரும், இந்த மாமன் வாக்கு. உன் மேல் எனக்கு உரிமை உண்டு என்று நினைத்துத்தான் கேட்கிறேன். அந்தக் கண்ணாடி உடைந்த கதை உனக்குத் தெரியும் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதே. பணத்தைப் பற்றியும் பேசாதே. அவளுக்குப் போன் போட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு லோடு என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்