பச்சை வர்ணத்துக்கு அடியில் என் ஜன்னல்

ஆடி 20, வெள்ளி. காளிகாட், கல்கத்தா.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் பெருமையையும் குறைக்கப் போவதில்லை.

மழை வந்தால் என் ஜன்னலடியில் ஒழுகுகிறது. ஆணி அடித்து மூடிவிடலாம் என்று அப்பா நேற்றுச் சொன்னார். மற்ற ஜன்னல்கள் எல்லாம் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்ப்பவை. இதையும் மூடினால் நான் எங்கே படிப்பது?

இன்று வீட்டுக்காரர் பாபு வந்து பார்த்தார். "துர்கா பூஜைக்குப் பச்சை வர்ணம் அடித்தால் புதிதாகிவிடும்" என்று வங்காளியில் சொன்னார். வருஷா வருஷம் அதைத்தான் செய்கிறார்.

அம்மாவின் கொண்டை ஊசியை வாங்கி, இட்லி வெந்ததா என்று பார்ப்பதுபோல் மேல் சட்டத்தில் குத்தினேன். இறங்கவில்லை. கீழ்ச் சட்டத்தில் வர்ணத்தைத் துளைத்துக்கொண்டு, உளுத்த மரத்துக்குள் முழுதும் போயிற்று.

"அப்பா, இது நன்னா வெந்துடுத்து!"

அம்மா சிரித்தாள். "ஆணியை எதுல அடிக்கப் போறேள்? இந்த இட்லியிலயா?"

பாபு ஊசியை வாங்கித் தாமே குத்திப் பார்த்தார். பிறகு, "பூஜைக்குள் புது ஜன்னல் வைத்துத் தருகிறேன்" என்றார்.

"பெரிய தச்சன்டி நீ!" என்றார் அப்பா.

விளக்கை அணைத்துவிட்டார்கள். தெருவிளக்கின் வெளிச்சம் என் ஜன்னல் வழியே வருகிறது. இந்த வரிக்கு அது போதும்.