ரெண்டு இஞ்ச் கம்மி

அம்மா,

நீ தைச்ச துணியை மாட்டிப் பார்க்குற பொம்மையைக் கத்தரிக்கோலால குத்திக் கிழிச்சது நான்தான். நீ என்னைக் கிள்ளுற இடமெல்லாம் குத்தினேன். அப்புறம் பழந்துணி திணிச்சு, என் அளவுக்கே தைச்சு நிறுத்தியிருக்கேன். நல்லாத்தான் இருக்கு, பாரு.

நான் இளைக்கணும்னு ரெண்டு இஞ்ச் கம்மியா தைச்சியே, அந்தப் பச்சைக் கவுனை அதுக்கு மாட்டினேன். ஜிப் மறுபடியும் தெறிச்சுடுச்சு. நேத்து ஸ்கூல் மேடையில, அத்தனை பேர் முன்னாடி எனக்கும் அப்படித்தான் தெறிச்சுது.

நாலு மணிக்கு நர்ஸ் அக்கா தைக்கக் கொடுத்த துணியை வாங்க வருவாங்க. துணி அலமாரி சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. நான் ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். உனக்கும் மூடி வெச்சிருக்கேன்.

பி.கு: பொம்மையோட இடுப்பைக் கிள்ளிடாதேம்மா. உன் குண்டூசி டப்பாவை அங்கதான் உள்ள கொட்டியிருக்கேன்.