கோல்காப்பாளருக்குப் போட்ட புள்ளி

வெள்ளி, செப். 12, 1997

விடாத தூறல். கூரைப் பீலியில் இலை அடைத்து முன்வாசலில் குளம். ஏணி எடுக்கவில்லை.

குசினியிலிருந்து மனைவி ராணி, மகளின் கலியாணம் பற்றி மூன்றாவது வாரமாக அதே கேள்வி. "ஓமோ இல்லையோ, ஒண்டைச் சொல்லுங்கோ. பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது." யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. 'இல்லை' என்று எப்போதோ முடிவாகிவிட்டது. காரணம்தான் இன்னும் அகப்படவில்லை.

பொடியன் பெயர் கியரன். அயர்லாந்து. மகள் தர்ஷினியின் அலுவலகத்துக்கு மின்சார வேலை செய்ய வந்தவன். இதுவரை கண்ட குற்றங்கள்: நேரத்துக்கு வருகிறான். கையால் சாப்பிடுகிறான், சிந்தாமல் (எங்கேயோ பழகியிருக்கிறான்). சம்பளம் என்னுடையதைவிடக் கூட. ஒன்றும் போதாது.

ஞாயிறன்று அவனுடைய ஹர்லிங் இறுதியாட்டம். வருகிறேன் என்றுவிட்டேன். மனிதனை விளையாட்டில் பார்த்தால் தெரியும் என்று பெரியவர்கள் சொல்லியிருப்பதாக ராணியிடம் விளக்கம். எந்தப் பெரியவரும் சொல்லவில்லை.

ஞாயிறு, 14

காலை வெயில். மதியம் ஆலங்கட்டி. பிறகு வெயில். மெல்பேர்ன்.

ஹர்லிங் என்பது ஹொக்கிக்கும் அடிதடிக்கும் நடுவில் ஒன்று. நுனி அகன்ற மரத்தடி, சிறிய தோல்பந்து, வீச்செல்லாம் தலை உயரத்தில். பந்து குறுக்குச் சட்டத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி. கீழால் போனால் கோல், அதற்கு மூன்று. கீழால் போகாமல் தடுப்பது கியரனின் பொறுப்பு.

அவர்களுடைய மனேஜர்: வாரநாளில் கூரை வேலை, ஞாயிற்றுக்கிழமையில் சரித்திரம். ஆட்டத்துக்கு முன் நீண்ட உரை. மூதாதையர், பஞ்சம், கப்பல், இரத்தம். எங்கள் சங்கத் தலைவரின் பொங்கல் உரையேதான். யாரிடமிருந்து யார் எடுத்தது என்று தெரியவில்லை.

கோல்கம்பத்தடியில் நிற்க ஆள் குறைவு. கழகத்துக்கு ஒருவர் தரவேண்டுமாம். மனேஜர் என்னைப் பார்த்தார். "நீங்கள் எங்கள் குடும்பம்தானே." நான் இன்னும் சம்மதிக்காத குடும்பம். வெள்ளை அங்கி மாட்டி இரண்டு கொடி தந்தார்கள். பந்து மேலால் போனால் வெள்ளைக் கொடி, கீழால் போனால் பச்சை.

"இப்பதான் டொக்டர் மாதிரி இருக்கிறியள்" என்றாள் ராணி. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் காத்திருந்த கோலம்.

இரண்டாம் பாதியில் கியரன் என் பக்கக் கோலுக்கு வந்தான். தலையாட்டினான். கடைசி நிமிடம்: எங்கள் பக்கம் இரண்டு புள்ளி முன்னால். உயரமாக ஒரு பந்து. கியரன் பின்னால், இன்னும் பின்னால் போய், சட்டத்துக்குக் கீழே ஒற்றைக் கையால் பிடித்தான். அழகான பிடி. ஆனால் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே. மற்றக் கம்பத்தடியில் எதிர்க்கழகத்து மனிதர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். கண்டவன் நான் ஒருவன்.

கொஞ்சம் நின்றேன். பிறகு பச்சையை எடுத்து ஆட்டினேன். ஒரு புள்ளியால் தோல்வி.

கியரன் மனேஜரிடம் ஓடிப்போய் ஏதோ சொன்னான். அவர் அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். என்மேல் முறையிடுகிறான் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு கழகத்துப் பாரில் நீதிமன்றம். கோல்காப்பாளன் முன்னால் வந்திருக்க வேண்டும். பின்னால் நின்றிருக்க வேண்டும். இரண்டும் ஒரே வாயிலிருந்து. கண்ணுக்கு முன்னால் இருந்த கோலைத் தவறவிட்ட முன்வரிசைக்காரனுக்கு எல்லோரும் பியர் வாங்கிக் கொடுத்தார்கள். மனேஜர், எனக்குக் கேட்கும்படி: "ஹொக்கி விளையாடுகிற நாட்டுக்காரனுக்கு இது எங்கே விளங்கும்?" அது இந்தியா, நான் இலங்கை. திருத்தவில்லை.

பந்து உள்ளேயா என்று கியரனிடம் யாரோ கேட்டார்கள். சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கள், 15

மழை. ரயில் தாமதம்.

மாலை நோபல் பார்க்கிலிருந்து தொலைபேசியில் ராணியின் தங்கை. "அத்தான், கலியாணத்தை நிப்பாட்டக் கொடி பிடிச்சனீங்களாமே?"

"பந்து உள்ளுக்குப் போனது."

"ஒருக்கா அங்கால பாத்திருக்கலாம்தானே. உங்களுக்கென்ன, கோயில் கணக்கே?"

கோயில் கணக்கு என்றால் அங்கால பார்க்க ஏற்கெனவே ஆள் இருக்கு என்றேன். வைத்துவிட்டாள். கோயில் கணக்குப் பார்ப்பது அவள் புருஷன்.

செவ்வாய், 16

தர்ஷினி என்னோடு கதைப்பதில்லை. வாய் திறந்தது ஒருமுறை: "அப்பா, நொட் நவ்."

காரணம் அகப்பட்டுவிட்டது. பந்து தாண்டியது தெரிந்தும் வாய் மூடியிருந்தவன். மாமன் திட்டு வாங்கும்போது சப்பாத்து பார்த்தவன். கோல்காப்பாளராகப் பத்துக்கு ஆறு புள்ளி. மருமகனாக இரண்டு. மனேஜருக்கு மனேஜராகவும் பூச்சியம், மனிதராகவும் பூச்சியம். கூரைக்காரராக எப்படி என்று தெரியாது.

ராணியிடம் சொன்னேன். "அவனைக் கேட்டனீங்களோ?" என்றாள்.

"கேக்க என்ன கிடக்கு?"

"அப்ப கேக்கேல்லை."

வியாழன், 18

காற்று. வேலி ஒரு பலகை போச்சு.

நேற்றுக் கழகக் கூட்டமாம். கியரனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மனேஜர் அடுத்த வருடமும் அவரே, ஏகமனதாக. தர்ஷினி ராணியிடம் சொன்னது, எனக்குச் சுவரூடாக.

சனி, 20

மப்பு வானம். பல் வைத்தியரை ஒத்திவைத்தேன்.

கியரன் வந்தான், நேரத்துக்கு. எனக்கு எதிரே கதிரையில் இருத்தினேன். நாலைந்து வசனம் ஆங்கிலத்தில் ஆயத்தம். முதலாவது: "பந்து உள்ளேதானே?"

"ஒரு அடி உள்ளே, அங்கிள். அப்போதே மனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வாயை மூடு என்றார்."

அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் பாரில் என்னை ஹொக்கி நாட்டுக்கு அனுப்பினார். தெரிந்தே.

"பாரில் ஏன் பேசவில்லை?"

"குடித்தவர்களிடமா? கூட்டத்தில் கேட்டார்கள், சொன்னேன். எடுத்துவிட்டார்கள்."

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. என் மற்ற வசனங்கள் எதற்கும் வேலையில்லை. அவனிடம் மட்டும் ஒன்று மிச்சம் இருந்தது.

"கொடி எடுக்க நீங்கள் சுணங்கிவிட்டீர்கள், அங்கிள். எனக்காக விட்டுவிடப்போகிறீர்களோ என்று பயந்துவிட்டேன்."

எனக்கே புள்ளி போடுகிறான்.

"நான் சொல்லியிருப்பன்" என்றாள் தர்ஷினி, கதவடியில், தமிழில். "நீங்கள் கேக்கேல்லையே அப்பா."

போகும்போது பீலியைப் பார்த்தான். ஏணி எங்கே என்று கேட்டு, ஏறி, என்னைக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னான். என் ஏணி. இலை எல்லாம் என் தலையில்.

ஞாயிறு, 21

வெயில். உடுப்புக் காயும் நாள். வெள்ளை அங்கியும் கொடியில். திருப்பிக் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ராணி தங்கையோடு தொலைபேசியில். மண்டபம், சாப்பாடு, ஐயர். எல்லாம் பொதுவான பேச்சுப்போல. இடையில் குரலை என் பக்கம் உயர்த்தி: "அயர்லாந்துப் பக்கம் எத்தினை பேர் வருவினமோ தெரியாது."

பத்திரிகையை இறக்காமல் சொன்னேன். "அந்த மனேஜரைக் கூப்பிடக்கூடாது."

பிறகு ராணி, தொலைபேசிக்குள், மெதுவாக:

"ஓமாம்."