வெறுந்தட்டு கழுவுன தெரு

காரைக்குடி,
புதன்கிழமை.

உதயகுமார் மச்சானுக்கு முத்தரசு எழுதுறது. அங்க சிங்கப்பூர்ல நீங்க சௌக்கியமா இருக்கணும்.

உங்க தங்கச்சி கண்ண மூடுன அன்னைக்கு பகல் பதினொன்னு இருபதுக்கு ஆஸ்பத்திரியில இருந்து எனக்கு போன் வந்துச்சு. மானகிரியில ஒரு வீட்டு மாடியில சோலார் இன்வெர்ட்டர் மாட்டிக்கிட்டு இருந்தேன். ஆபரேசன் முடிஞ்சு படுத்திருந்த செந்தாமரதான், "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க வேலையக் கெடுக்காம போயிட்டு வாங்க"ன்னு காலையில என்னைய அனுப்பிச்சா. போன்ல விசயத்தக் கேட்டுட்டு, மிச்சம் இருந்த ஸ்க்ரூவ முறுக்கி, மூடியப் போட்டு, மீட்டர் வச்சு வோல்டேஜும் பாத்துட்டுத்தான் கீழ இறங்குனேன். ஏன்னு கேக்காதீக. இன்னைக்கி வரைக்கும் எனக்கே தெரியல. கண்ணுல தண்ணியும் வரல.

வந்தது எல்லாம் கோவம்தான். அதுவும் நேத்து, குடும்ப குரூப்புல நீங்க போட்ட வாய்ஸ் மெசேஜக் கேட்டப்புறம்.

"அந்தக் காலத்துல கஷ்டத்துலயும் எம்புட்டு சந்தோசமா இருந்தோம்"னு ஆரம்பிச்சீக. மாமா வேல பாத்த மில்ல மூடுன வருசம், அத்தை உங்களையும் தாமரையையும் வெறுந்தட்டோட தெருக்குழாய்க்கு அனுப்புனதச் சொல்லிச் சிரிச்சீக. அடுப்பே பத்த வைக்காத நாள்ல, மத்தியானம் தட்டக் கழுவி, வாயக் கொப்புளிச்சு, கையத் துண்டுல தொடைக்கணும். சாப்புட்டாச்சுன்னு தெரு நம்பணும். "என் தங்கச்சி ஒரு ஏப்பம் விடுவா பாருங்க, நானே நம்பிருவேன்"னீக. சொந்தக்காரவுக எல்லாம் சிரிக்கிற பொம்மையாப் போட்டிருக்காக.

எனக்கு ஞாபகம் இல்லையா மச்சான்? எதுத்த வீடு நாங்கதான. அதே குழாய்ல நானும்தான் வெறுந்தட்டு கழுவுனேன். நீங்க எங்களப் பாத்து நம்புனீக, நாங்க உங்களப் பாத்து நம்புனோம். பின்னாடி எங்கம்மா சொல்லுச்சு, அந்த வாரம் எங்க வீட்ல ஒரு படி நொய்யி கெடந்துச்சாம், வெறகு இல்லையாம். உங்க கொல்லையில வெறகு அடுக்கிக் கெடந்துச்சு. நடுவுல இருந்தது ஒரு தெரு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா பத்து உசுரு கஞ்சி குடிச்சிருக்கும். இதுல என்ன பெருமை இருக்கு? என்ன சந்தோசத்தக் கண்டீக?

அந்தப் பொய் ஏப்பத்த அவ கடைசி வரைக்கும் கைவிடல. நாலு நாளா வயித்து வலி. நான் கேட்டா வாய்வுங்குறா. டாக்டரு கேட்டாலும், "லேசான வாய்வுதான் சார்"ங்குறா, சிரிச்சுக்கிட்டு. உள்ள குடல்வால் வெடிச்சு சீழ் பரவிருச்சு. "இத எப்பிடித் தாங்குனாக"ன்னு டாக்டரு என்னையக் கேட்டாரு. எப்பிடித் தாங்குனான்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

நான் படிச்சது டிப்ளமோ. எந்த மெசின்லயும் கோளாறு வந்தா எரியிறதுக்கு ஒரு சேப்பு லைட்டு இருக்கும். அவளுக்கு மட்டும் ஏழு வயசுலயே அதப் புடுங்கிட்டு, சத்தமில்லாம நல்லா ஓடுதுன்னு மெச்சிக்கிட்டோம். பொறுமைசாலின்னு பேரு வேற.

மெசேஜ் முடிவுல, தாய்மாமன் உரிமையில சொல்றேன்னு சொன்னீக. எங்க பிள்ள சத்தியாவ நேமத்தான்பட்டியில உங்க வீட்டுக்கு அனுப்பிரணும், உங்க சம்சாரம் சித்ராக்கா வளக்கட்டும், அம்மா மாதிரியே வரணும்னு. கேளுங்க. போன ஞாயித்துக்கெழம நாங்க உங்க வீட்டுக்குத்தான் போயிருந்தோம். அன்னைக்கு நான் அடுப்புப் பத்த வைக்கல, தோணவே இல்ல. சித்ராக்கா, "சாப்புட்டியாத்தா"ன்னு கேட்டாக. பிள்ள, "சாப்புட்டேன் அத்தை"ன்னுச்சு. "அம்மாவ அப்பிடியே உரிச்சு வச்சிருக்கு"ன்னு கன்னத்தக் கிள்ளி முத்தம் குடுத்தாக. அக்கா மேல தப்புச் சொல்லல, பாசமாத்தான் செஞ்சாக.

வண்டியில திரும்பி வரையில, ஊரு எல்லை தாண்டுனதும், முதுகுக்குப் பின்னாடி இருந்து மெதுவாக் கேக்குது: "அப்பா, இப்பப் பசிக்குதுன்னு சொல்லலாமா?"

வண்டிய ஓரங்கட்டிட்டேன். அடுத்தவுக வீட்ல கேக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லிக் குடுத்துச்சாம். மாமா வீடு அடுத்தவுக வீடா ஆத்தான்னு கேட்டேன். தெரியலப்பான்னுச்சு. ஆறு வயசு மச்சான்.

அனுப்ப மாட்டேன். என் பிள்ள பொறுமைசாலியா வளர வேணாம். வலிச்சாக் கத்தட்டும். பசிச்சாத் தெருவே கேக்குற மாதிரி அழட்டும். ஊரு என்ன வேணாச் சொல்லட்டும்.

நீங்க வேணா பொங்கலுக்கு வாங்க. பொம்மையும் சட்டையும் வேணாம். வாசல்ல செருப்பக் கழட்டையில, சத்தியா காதுபட, "ஆத்தா, மாமனுக்குப் பசிக்குது"ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. பெரிய மனுசன் சொல்லி அவ ஒரு தடவ கேக்கணும். அது போதும். உங்களுக்கு எங்கயாச்சும் வலிச்சாலும் சித்ராக்காகிட்டச் சொல்லிருங்க. மறைக்காதீக. நல்லா இருங்க.

இங்குட்டு தோசக்கல்லு காயுது. மூணாவது தோச வேணும்னு தட்டத் தட்டிக்கிட்டு இருக்கா. மெசேஜுக்குப் பதில் கேட்டு இன்னைக்கு நீங்க கூப்புடுவீகன்னு தெரியும். போன ஆஃப் பண்ணி வச்சிட்டேன்.

உங்க தங்கச்சி வீட்டுக்காரன்,
முத்தரசு