கால் எலும்பில் அம்மாவுக்கு ஒரு தாடை

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா சுகம் என்று இன்றைக்குத்தான் துணிந்து எழுத முடிகிறது. என் எழுத்து ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கோடு தாண்டி ஓடுகிறது, பொறுத்துக்கொள், ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டையில் குழாய் இருக்கும், பத்து நாள் எழுதித்தான் காட்ட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் அம்மா சிலேட்டு வாங்கி வந்துவிட்டாள். "நான் எழுதுறதை நீங்க படிக்கலைன்னா நான் யார்கிட்ட சண்டை போடுறது?" என்று எழுத்தே தெரியாத என்னை இரண்டு மாதம் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தாள்.

கட்டி கெட்ட கட்டி இல்லை, ஆனால் தாடை எலும்பை அரித்திருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு, அவள் இடது காலில் உள்ள மெல்லிய எலும்பைத் தோலோடும் ரத்தக்குழாயோடும் எடுத்து, மூன்று துண்டாக்கி வளைத்துத் தாடையாக வைத்திருக்கிறார்கள். வைத்தால் மட்டும் போதாது பாப்பா, அதில் ரத்தம் ஓட வேண்டும். கால் குழாயைக் கழுத்துக் குழாயோடு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்களாம். அந்தக் குழாய் தீக்குச்சி கனம்தானாம். நாற்பது வருஷம் வீடு வீடாகக் குழாய் மாட்டியவன் நான், அரை இஞ்சுக் குழாயையே ஒழுக விட்டு வசவு வாங்கியிருக்கிறேன். ஒழுகாதா என்று கேட்டேன். "ஒழுகுறதைவிட அடைச்சிக்கிறதுதான் பெரியவரே எங்களுக்குப் பயம்" என்றார் டாக்டரம்மா.

அந்தப் பயமே வந்தது. உன் தம்பி உன்னிடம் போனில் சொல்லவில்லை, அவனைத் திட்டாதே, நான்தான் தடுத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் நர்ஸ் வாய்க்குள் இருந்த கால் தோலை அழுத்திப் பார்த்து, நல்ல நிறம் என்று சொல்லிப் போய் அரை மணிகூட ஆகவில்லை, அம்மா எழுதி நீட்டினாள். நான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறேன், அவள் என் கையைக் கிள்ளுகிறாள். "உள்ளே வீங்குது. ஓடு." மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. ஓடினேன். டாக்டரம்மா வந்து பார்க்கும்போது தோல் கத்தரிக்காய் நிறம். "ரத்தம் உள்ள போகுது, திரும்புற வழி அடைச்சிடுச்சு" என்றார். அது குழாய்க்காரன் எனக்குச் சட்டென்று புரிந்தது. மறுபடி உள்ளே கொண்டுபோய் அடைப்பை எடுத்துத் தைத்தார்கள், நாலு மணி நேரம். மறுநாள் டாக்டரம்மா பேனா மாதிரி ஒரு கருவியை அம்மாவின் வாயோரம் வைத்து என்னைக் கேட்கச் சொன்னார். உஷ் உஷ் என்று சத்தம். காலுக்குப் பிறந்த குழாயில் முகத்துக்கு ரத்தம் ஓடுகிறது பாப்பா! மனுஷக் கை இதைச் செய்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எலும்பு செத்திருக்கும், முதலில் பார்த்தது யார் என்று கேட்டார். அம்மா தன்னையே காட்டிக்கொண்டாள், ஓடினவனைக் காட்டவில்லை.

நேற்றுத் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். பாதி காற்றும் பாதி குரலுமாக, "பாப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள். என்ன சொல்ல என்று கேட்டேன். "நான் பேசுறேன்னு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். பேச்சு குழறும், நீ அழாதே, அவளும் அழுதால் தையல் இழுக்கும். வலி இல்லை என்று மூன்று வருஷம் தள்ளிப்போட்டவள் அவள், நீ வருஷம் ஒரு தடவையாவது பல் டாக்டரிடம் வாயைக் காட்டு. மூவரும் குறையில்லாமல் வாழ வேண்டும். நாளை அவளை நடக்க விடுகிறார்களாம். எலும்பு ஒன்று குறைந்த காலோடு எப்படி நடக்கிறாள் என்று பார்த்து அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா