அண்டா எங்கே என்று கேட்ட நாள்

இன்னாங்க,

இன்று காலை நம் லைன் வீடுகள் வழியே தமுக்கு அடித்துக்கொண்டு போனார்கள். நாளை சங்கத்தின் ஆண்டுக்கூட்டம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கண்மூடிப் போன பிறகு தனியாக உட்கார்ந்து சிரிப்பது இப்போதுதான். உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது, எழுதுகிறேன்.

மாரிகுப்பத்தில் சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஒத்தாசை செய்ய நீங்கள்தானே அந்தச் சங்கத்தை ஆரம்பித்துத் தலைவரானீர்கள்? எல்லாரும் சேர்ந்து பாய், விளக்கு, பெரிய அண்டா எல்லாம் வாங்கினோம். "தலைவரை யாரு வேணும்னாலும் கேள்வி கேக்கலாம்" என்று முதல் நாளே சொன்னீர்கள். யாரும் கேட்கவில்லை. உங்கள்மேல் அவ்வளவு மரியாதை.

பிறகு பக்கத்து லைனில் ஒருவர் காய்ச்சலில் இறந்தார். வந்தவர்களுக்குச் சமைக்க அண்டாவைக் காணோம். அவர் மனைவி வீடு வீடாகப் பாத்திரம் கேட்டு அலைந்தாள். "சங்கம் இருந்து இன்னா பிரயோசனம்?" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். சிலர் விலகிவிடுவதாகவே சொன்னார்கள். அந்த வருஷக் கூட்டத்தில் நான் எழுந்தேன்.

"தலைவரே, அண்டா எங்க?"

"நீ இன்னா இங்க கேக்குற?"

"நானும் சங்கத்துல சேந்தவதானே?"

நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள். "பூதிகோட்டையில இருக்குது. எங்க சின்னம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு யாரையும் கேக்காம குடுத்துட்டேன். தப்புதாங்க" என்று பாத்திரம் கேட்டு அலைந்த அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டீர்கள். அதோடு நிற்கவில்லை. இனி வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி இரண்டு பேரை எடுப்பது. அவர்கள் எல்லாப் பொருளையும் பார்த்து, "சரியா இருக்குது" என்று கூட்டத்தில் சொன்னால்தான் தலைவர் தலைவராக இருக்கலாம். இதை நீங்களே எழுந்து சொன்னீர்கள். விலகுகிறேன் என்றவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டியில் அண்டா வந்தது. லைன் முனையில் இறக்கி, தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தீர்கள். வெளியே தெரிந்தது உங்கள் கால் மட்டும்தான். பிள்ளைகள் பின்னாலேயே வந்து அதில் தாளம் போட்டார்கள். உள்ளேயிருந்து "யார்ரா அது?" என்று நீங்கள் அதட்ட, லைனே சிரித்தது.

"வீட்லயே கேட்டிருக்கக் கூடாதா?" என்றீர்கள் அன்று சாயங்காலம்.

"வீட்ல கேட்டா எனக்கு மட்டுந்தானே பதில் சொல்லியிருப்பீங்க?"

சோற்றைப் பிசைந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

ஒரு சேதி சொல்ல வேண்டும். இந்த வருஷம் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக வைத்திருக்கிறார்கள். நாளை நான்தான் எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். பயம் இல்லைங்க. யாராவது எழுந்து என்னைக் கேட்க வேண்டுமே என்றுதான் ஆசையாக இருக்கிறது.